மேஸ்திரி அப்பாவைக் கூப்பிட்ட திங்கட்கிழமை

"அத்தை, அப்பா இல்லேன்னு உங்க ஆபீஸ்ல யாரும் சொல்லலையா?"

சின்னவள் இதைக் கேட்டது ஒரு திங்கட்கிழமை மாலையில். அவளுக்கு அப்போது ஆறு வயது. கேட்டுவிட்டு அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அத்தை நாற்காலியின் நுனியில், தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மா சமையலறை வாசலில் நின்றாள். பெரியவள் பாடப் புத்தகத்தைத் திறந்து வைத்துப் படிக்காமல் இருந்தாள். அந்தப் பெரியவள்தான் பள்ளி முடித்துவிட்டு இப்போது இதை எழுதுகிறாள்.

இது அத்தையின் கதை. பாதி கண்ணால் பார்த்தது. மீதி, பிறகு அத்தையே கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னது.

அத்தை என்றால் அப்பாவுடன் கூடப் பிறந்தவள் இல்லை. ஆபீஸில் பக்கத்து நாற்காலி. பதினோரு வருடம் ஒரே மேசையின் இரண்டு முனைகளில் உட்கார்ந்து சண்டை போட்டவர்கள். அப்பா அவளுக்கு வைத்த பெயர் மணிக்கூண்டு. ஆள் நெட்டை, ஒன்பது மணி என்றால் ஒன்பதுக்கு வாசலில் நிற்பாள். அவள் அப்பாவுக்கு வைத்த பெயர் தூங்காமூஞ்சி. ஆபீஸ் முழுக்க இந்த இரண்டு பெயர்களும் நிலைத்துவிட்டன. ஆனால் வீட்டுக்கு வந்தால் அவள் அப்பாவை அண்ணா என்பாள், அம்மாவை அண்ணி என்பாள். அப்படித்தான் பிள்ளைகளுக்கு அத்தை ஆனாள்.

அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. இரும்புச் சாமான் கடைக்கு மேலே ஓர் அறையில் வாடகைக்கு இருந்தாள். போன் கம்பெனியில் முதல் மூன்று வருடம் புகார்ப் பிரிவில் வேலை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு நாளைக்கு எண்பது பேரிடம் திட்டு வாங்குவதுதான் அந்த வேலை. "திட்டு வாங்கற காரணத்தையே போய் சரி பண்ணிட்டா என்னன்னு தோணுச்சு" என்பாள். சாயங்கால வகுப்பில் சேர்ந்து புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டு, பரீட்சை எழுதி, நான்காம் மாடிக்கு ஏறிவிட்டாள். அங்கே அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் கிடைத்தவர் அப்பா.

நான்காம் மாடியில் என்ன வேலை என்று சொல்லிவிட வேண்டும். ஊரில் ஒருவர் இன்னொருவருக்குப் போன் செய்தால், இரண்டு பேருக்கும் நடுவே நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன புரோகிராம்கள் வேலை செய்கின்றன. ஒன்று வழி பார்க்கும். ஒன்று எந்த செல்போன் கோபுரத்தில் கூட்டம் என்று எண்ணும். ஒவ்வொன்றையும் சேவை என்பார்கள். ஒவ்வொரு சேவையும் தனக்கு வேண்டியதையெல்லாம் தன்னோடு வைத்துக்கொண்டு ஒரு பெட்டிக்குள் இருக்கும். கன்டெய்னர் என்பது அந்தப் பெட்டியைத்தான். இத்தனை பெட்டிகளையும் எந்த சர்வரில் வைப்பது, எத்தனை பிரதி ஓட்டுவது, விழுந்ததை எப்போது எழுப்புவது என்று பார்த்துக்கொள்ள மேலே ஒரு பெரிய புரோகிராம் இருக்கிறது. அதற்கு நீளமான ஒரு பெயர் உண்டு. ஆபீஸில் யாரும் அதைச் சொல்வதில்லை. எல்லோரும் மேஸ்திரி என்றுதான் சொல்வார்கள்.

புதிதாக ஒரு சேவையைச் சேர்க்க வேண்டுமானால் மேஸ்திரிக்கு ஒரு கோப்பு எழுதிக் கொடுக்க வேண்டும். சேவையின் பெயர் என்ன, எத்தனை பிரதி, எவ்வளவு மெமரி, யார் எழுந்த பிறகு இது எழ வேண்டும், உயிரோடு இருக்கிறதா என்று எப்படிக் கேட்பது. கடைசியில் ஒரு வரி: விழுந்து எழாமல் போனால் யாரைக் கூப்பிடுவது. அந்த வரியில் ஒரு போன் நம்பர் இருக்கும். மேஸ்திரி அந்த நம்பரைக் கூப்பிட்டு, "சேவை நின்றுவிட்டது. பொறுப்பேற்க ஒன்றை அழுத்தவும்" என்று உணர்ச்சியில்லாத குரலில் சொல்லும். ஒன்றை அழுத்தினால், யாரோ பார்த்துக்கொள்கிறார்கள் என்று நம்பிப் பேசாமல் இருந்துவிடும். ஐந்து நிமிடத்தில் அழுத்தாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடும், அப்புறம் துறைத்தலைவரை.

தலைவர் வரைக்கும் போகக் கூடாது என்பது நான்காம் மாடியின் மானப் பிரச்சினை. அதனால் அங்கே வேலை செய்பவர்களின் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. போன் அடிக்கும்போது ஆள் குளித்துக்கொண்டிருந்தாலோ சாப்பிட்டுக்கொண்டிருந்தாலோ, வீட்டில் இருப்பவர் எடுத்து ஒன்றை அழுத்திவிடுவார். அப்பா குளியலறையிலிருந்து, "ஒண்ணை அமுக்கு, ஒண்ணை அமுக்கு" என்று கத்துவார். அம்மா அழுத்துவாள். அடுத்த நிமிடம் அப்பா துண்டோடு வந்து, தண்ணீர் சொட்டச் சொட்ட லேப்டாப் முன் உட்காருவார். "உங்க ஆபீஸ்ல எனக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்லுங்க" என்று அம்மா சொல்வாள். ஆபீஸ் விதிப்படி இது தப்பு. ஆனால் செய்யாத வீடு இல்லை.

அப்பா இறந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. வண்டிக்குப் பஞ்சர் ஒட்டப் போனார். கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி தேடிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். நாற்பத்தொரு வயது.

மறுவாரமே, அப்பாவின் பொறுப்பில் இருந்த பதினாறு சேவைகளிலும் அவருடைய நம்பரை எடுத்துவிட்டு மற்றவர்கள் நம்பரைப் போட்டார்கள். அதில் ஒன்பது அத்தைக்கு வந்தது. அந்த நம்பர் மட்டும் அம்மாவிடம் இருந்தது.

அது கம்பெனி கொடுத்த நம்பர். வேலையை விட்டால் திருப்பித் தர வேண்டும், வேலையோடு உயிரை விட்டாலும் தர வேண்டும். நிர்வாகப் பிரிவிலிருந்து மூன்று கடிதங்கள் வந்தன. அம்மா மூன்றையும் அலமாரியில் துணிக்கு அடியில் வைத்தாள். போனைத் தினமும் சார்ஜ் போட்டாள். அப்பாவைக் கேட்டு இன்னும் யாராவது கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருமுறை அப்பாவோடு பள்ளியில் படித்த ஒருவர், பத்து வருடம் கழித்துக் கூப்பிட்டார். அவருக்கு விஷயம் தெரியாது.

"என்ன சொன்னீங்க அண்ணி?" என்று அத்தை கேட்டாள்.

"குளிச்சிட்டிருக்காருன்னு சொன்னேன்."

அத்தை பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நாலு நிமிஷம் பேசினாரு. ஸ்கூல்ல உங்க புருஷன் மேப் போட்டா நதியெல்லாம் மலை மேல ஏறும்மான்னாரு. சிரிச்சேன். செத்துட்டாருன்னு சொல்லியிருந்தா அந்த மனுஷன் சிரிச்சிருப்பாரா?" அம்மா போனைத் துடைத்தாள். "இந்த நம்பரை மட்டும் எங்கிட்டேயே வெச்சுக்க ஒரு வழி பண்ணு. வேற எதுவும் நான் கேக்கலை."

"நான் பாத்துக்கறேன் அண்ணி" என்றாள் அத்தை.

வழி ஒன்று இருந்தது. கம்பெனி நம்பரைக் குடும்பத்தின் பெயருக்கு மாற்ற ஒரு படிவம் உண்டு, துறைத்தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். தலைவர் கெட்டவர் இல்லை. காரியத்தைக் கண்ணில் பார்க்காமல் கையெழுத்துப் போடாதவர், அவ்வளவுதான். அத்தை படிவத்தைக் கொண்டுபோய் வைத்தபோது அவர் வேறு தலைவலியில் இருந்தார். மருத்துவமனைகள் வரிசையாகப் புகார் செய்துகொண்டிருந்தன. மதிய நேரத்தில் லைன் நெரிசல் அதிகம். முன்பதிவுக்குக் கூப்பிடும் நோயாளிகளுக்கு லைன் கிடைப்பதில்லை. நெரிசல் வந்தவுடன் மருத்துவமனை நம்பர்களை மட்டும் தானாகவே காலியான வழிக்கு மாற்றிவிட ஒரு புதிய சேவை வேண்டும்.

"நீ அதைச் செய்ம்மா" என்றார் தலைவர். "மேஸ்திரி கையில ஒப்படைச்சு ஒரு வாரம் விழாம ஓடட்டும். நானே கூப்பிட்டுக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

படிவம் அவர் மேசை மேல் நீல நிற டிரேயில் கிடந்தது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அத்தையின் கண் அதில் போய் விழும்.

ஐந்து வாரம் வேலை. சேவையை எழுதி முடித்துவிட்டாள். பரிசோதனையில் ஒருமுறைகூடப் பிசகவில்லை. மேஸ்திரிக்குக் கோப்பு எழுத வேண்டியது மட்டும் மிச்சம். அதை யாரும் ஆரம்பத்திலிருந்து எழுதுவதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சேவையின் கோப்பைப் பிரதி எடுத்து, வேண்டிய இடத்தில் மாற்றிக்கொள்வார்கள். நான்காம் மாடியில் எல்லோரும் பிரதி எடுப்பது அப்பா எழுதிய கோப்பைத்தான். அவ்வளவு சுத்தமாக இருக்கும். ஆபீஸ் பொதுவில் வைத்திருந்த பிரதியில் நம்பர்களையெல்லாம் எப்போதோ மாற்றிவிட்டார்கள். அத்தை அதை எடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அவள் எடுத்தது தன் லேப்டாப்பில் இருந்த பழைய பிரதியை. இரண்டு வருடத்துக்கு முன்னால் அப்பா அவளுக்கென்று அனுப்பியது. அதில் வரிக்கு வரி குறிப்பு எழுதியிருந்தார். அந்தக் குறிப்புகளை மேஸ்திரி படிக்காது, மனிதர்கள் மட்டும்தான் படிப்பார்கள். பிரதி எண்ணிக்கைக்குப் பக்கத்தில், "கஞ்சத்தனம் வேண்டாம், குறைந்தது மூன்று போடு." உயிரோடு இருக்கிறதா என்று கேட்கும் வரிக்குப் பக்கத்தில், "பத்து நொடிக்கு ஒருமுறை கேட்கும். உன்னைவிடத் தொந்தரவு." இன்னோர் இடத்தில், "மணிக்கூண்டே, இதைத் தொட்டால் கை இருக்காது."

அத்தை ஒவ்வொரு வரியாக மாற்றிக்கொண்டே வந்தாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து நச்சரிப்பதுபோல இருந்ததாம். கடைசி வரிக்கு வந்தாள். விழுந்தால் கூப்பிட வேண்டிய நம்பர். பக்கத்தில் குறிப்பு: "இப்போதைக்கு என்னுடையதே இருக்கட்டும். உனக்கென்று சேவை போடும்போது உன் தூக்கத்தை நீயே கெடுத்துக்கொள்."

அவள் எழுந்து போய்விட்டாள். கைகழுவும் இடத்தில் நெடுநேரம் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டாள். திரும்பி வந்தபோது திரையில் கோப்பு முடிந்த இடத்தில் நின்றது. கீழே வேறு வரி இல்லை, எல்லாவற்றையும் மாற்றியாயிற்று என்று நினைத்துக்கொண்டாள். குறிப்புகளை மட்டும் அழித்துவிட்டுச் சேமித்தாள். அப்பாவின் சொற்கள் போய்விட்டன. நம்பர் அப்படியே நின்றது.

சரிபார்க்க இன்னொருவர் உண்டு. எதையும் தப்பவிடமாட்டார் என்பதால் அவருக்கு வடிகட்டி என்று பெயர். அவர் கோப்பை மேலிருந்து கீழ்வரை இரண்டு முறை படித்தார். ஒரு காற்புள்ளியைப் பிடித்தார். மெமரி குறைவாக இருக்கிறதே என்று கேட்டார். இப்போதைக்குப் போதும், தேவைப்பட்டால் கூட்டிக்கொள்ளலாம் என்றாள் அத்தை. கடைசி வரியில் இருந்த நம்பர் அவர் கண்ணில் உறுத்தவே இல்லை. பதினோரு வருடமாக அந்த இடத்தில் அந்த நம்பரைப் பார்த்துப் பழகிய கண். வேறு நம்பர் இருந்திருந்தால்தான் நின்றிருப்பார். "நல்லா இருக்கு, தூங்காமூஞ்சி எழுதின மாதிரியே இருக்கு" என்று சொல்லி அனுமதித்தார். வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு மேஸ்திரி புதிய சேவையை ஏற்றுக்கொண்டது. மூன்று பெட்டிகளும் பச்சை விளக்கோடு எழுந்து நின்றன. தலைவர் தன் அறையிலிருந்து எழுந்து வந்து பார்த்துவிட்டு, "வர்ற வியாழன்" என்றார். அத்தை அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை. வாரத்தின் முதல் நாள் மருத்துவமனைகளில் கூட்டம் அதிகம் என்பதை அத்தை கணக்கில் எடுத்திருந்தாள், ஆனால் இவ்வளவு என்று எடுக்கவில்லை. மதியம் இரண்டு மணிக்குச் சேவைக்கு மெமரி போதவில்லை. அளவை மீறிய பெட்டியை மேஸ்திரி தூக்கிக் கீழே வைக்கும். வைத்தது, திரும்ப எழுப்பியது. எழுந்தவுடன் மறுபடி மீறியது. ஐந்து தடவை எழுப்பிப் பார்த்துவிட்டு, இனி மனிதர்கள் பாடு என்று நம்பரைக் கூப்பிட்டது. இரண்டு பன்னிரண்டுக்குக் கூப்பிட்டது. இரண்டு பதிமூன்றுக்கு யாரோ ஒன்றை அழுத்திவிட்டார்கள். மேஸ்திரி அமைதியானது.

அத்தை மேசையில்தான் இருந்தாள். அவள் போன் அவள் பக்கத்திலேயே இருந்தது. அது அடிக்கவில்லை, அதனால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று இருந்தாள். அடிக்காத போனை நம்புவதுதான் அந்த வேலை.

நான்கு மணிக்குப் புகார்ப் பிரிவிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். "அக்கா, ரெண்டு மணி நேரமா ஆஸ்பத்திரி லைன் ஒண்ணும் போகலைன்னு திட்டித் தீக்கறாங்க. உங்க பக்கம் ஏதாவது?" அத்தை திரையைத் திறந்தாள். மூன்று பெட்டிகளும் சிவப்பு. மெமரியைக் கூட்டி எழுப்ப ஆறு நிமிடம் ஆனது. ஆறு நிமிட வேலைக்கு இரண்டு மணி நேரம்.

"யாரும் ஏத்துக்கலையா?" என்று வடிகட்டி அவள் தோளுக்குப் பின்னால் நின்று கேட்டார்.

"ஏத்திருக்காங்க. ரெண்டு பதிமூணு."

"யாரு?"

அத்தை அந்த வரியைத் திறந்தாள். இருவரும் பார்த்தார்கள். வடிகட்டி பக்கத்து நாற்காலியில், அப்பாவின் நாற்காலியில், மெதுவாக உட்கார்ந்தார். அதில் அதுவரை யாரும் உட்காரவில்லை.

"நானும் பாத்தேனே" என்றார். "ரெண்டு தடவை பாத்தேனே."

அன்று மாலைதான் அத்தை வீட்டுக்கு வந்தாள். அம்மா கதவைத் திறந்தபோதே முகத்தில் என்னவோ ஒரு வெளிச்சம். எட்டு மாதத்தில் பார்க்காத வெளிச்சம்.

"இன்னிக்குக் கூப்பிட்டுச்சு" என்றாள்.

"யாரு அண்ணி?"

"உங்க மேஸ்திரி. அதுக்குன்னு தனியா ரிங் வெச்சிருந்தாரே, கோழி கத்தற மாதிரி. அந்தச் சத்தம். மதியம் நான் துணி மடிச்சிட்டிருந்தேன். ஓடிப்போய் எடுத்து ஒண்ணை அமுக்கிட்டேன்."

அத்தை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். "அமுக்கிட்டு?"

"அமுக்கிட்டு பாத்ரூம் கதவையே பாத்துட்டு நின்னேன்." அம்மா சொல்லிக்கொண்டே சிரிக்கப் பார்த்தாள். "தண்ணி சத்தம் எப்போ நிக்கும்னு. எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியலை. சின்னது ஸ்கூல்லேர்ந்து வந்து கூப்பிட்டப்பதான் தெரிஞ்சுது, உள்ள தண்ணியே ஓடலைன்னு."

பிறகு, சமையலறைக்குப் போய்த் தேநீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வாசலில் நின்றபடியே கேட்டாள். "நான் அமுக்கினது தப்பில்லையே? ஆபீஸ்ல யாராவது பாத்துட்டாங்கல்ல?"

சின்னவள் அந்தக் கேள்வியைக் கேட்டது அப்போதுதான்.

அத்தை சின்னவளைப் பார்க்காமல், அம்மாவிடம் "பாத்துட்டோம் அண்ணி" என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள். தெருவில் இறங்கி, இரும்புக் கடை வரை பஸ் ஏறாமல் நடந்தே போனாளாம். மறுநாள் விசாரணை.

நான்காம் மாடியில் ஒரு சேவை விழுந்தால் விசாரணை உண்டு. யார் தப்பு என்று கேட்கக் கூடாது, எது தப்பு என்று மட்டும் கேட்க வேண்டும் என்பது அங்கே விதி. சுவரில் நேரம் நேரமாக எழுதியிருந்தது. இரண்டு பன்னிரண்டு, அழைப்பு. இரண்டு பதிமூன்று, ஏற்பு. அதற்குப் பக்கத்தில் அந்தப் பத்து இலக்கங்கள். அறையில் இருந்த எல்லோருக்கும் அந்த நம்பர் மனப்பாடம்.

தலைவர் அறிக்கையை உரக்கப் படித்தார். "பணியில் இல்லாத நபர் ஒருவர் அபாய அறிவிப்பை ஏற்று, சேவை நின்றதை மறைத்துள்ளார்."

"சார், மறைச்சதுன்னு போடாதீங்க" என்றாள் அத்தை.

"அமுக்கினாங்கல்ல?"

"பதினோரு வருஷமா அமுக்கினாங்க. நம்ம எல்லார் வீட்லயும் அமுக்கறாங்க. உங்க வீட்லயும் சார்."

வடிகட்டி இருமினார். தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"என் கோப்புல நான் தப்பான நம்பரைக் குடுத்தேன். நான் குடுத்த நம்பரை மேஸ்திரி கூப்பிட்டுச்சு. அதை மட்டும் எழுதுங்க. அந்த வீட்டை அதுல எழுதாதீங்க."

"எழுதறேன்" என்றார் தலைவர். ஒரு வாக்கியத்தை அடித்துவிட்டு அவள் சொன்னதை எழுதினார். எழுதிவிட்டுப் பேனாவை மூடினார். "ஆனா நம்பர் போயிடும்மா. வேலைல இல்லாத ஒரு நம்பர் மேஸ்திரிகிட்ட பொறுப்பு ஏத்திருக்கு. பாதுகாப்புப் பிரிவு இதைப் பாத்தாச்சு. வெள்ளிக்கிழமை பன்னெண்டு மணிக்கு வெட்டிடுவாங்க. என் கையெழுத்துக்கு இனி மதிப்பில்லை."

நீல டிரேயிலிருந்து படிவத்தை எடுத்து அவளிடம் நீட்டினார். அத்தை அதை வாங்கி நான்காக மடித்துப் பையில் வைத்தாள்.

அன்று மாலை அவள் எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னாள். பிரதி எடுத்தது, எழுந்து போனது, இரண்டு மணி நேரம், வெள்ளிக்கிழமை. எதையும் குறைக்கவில்லை. அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். முதலில் கேட்டது இதுதான்:

"அந்த ரெண்டு மணி நேரம், லைன் கிடைக்காதவங்க என்ன பண்ணாங்க?"

"திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருப்பாங்க. சில பேர் நேர்ல போயிருப்பாங்க."

"நான் கதவைப் பாத்துட்டு நின்னிருக்கேன்." பிறகு, "நேத்து ஏன் சொல்லலை?"

"சொல்ல வாய் வரலை அண்ணி."

"நேத்து சொல்லியிருக்கணும். ஒரு ராத்திரி முழுக்க நான் அவரு கூப்பிட்டாருன்னு நினைச்சிட்டுப் படுத்திருந்தேன்." அம்மாவின் குரல் உயரவில்லை. "உன்னை நம்பித்தான் ஒண்ணே ஒண்ணு கேட்டேன். நீங்க போயிட்டு வாங்க."

பதினோரு வருடத்தில் அம்மா அத்தையை நீங்க என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

ஆனால் புதன்கிழமை காலை ஆபீஸுக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்து நின்றாள். போனில் நானூற்றுப் பன்னிரண்டு பெயர்கள் இருந்தன. நம்பர் போவதற்குள் எல்லோரையும் கூப்பிட்டு வீட்டின் வேறு நம்பரைக் கொடுத்தாக வேண்டும். அதற்கு முதலில் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். எட்டு மாதமாக அம்மா யாரிடமும் சொல்லாத வாக்கியம். உறவுக்காரர்களுக்குக்கூட மற்றவர்கள்தான் சொல்லியிருந்தார்கள்.

"நான் பேசட்டுமா?" என்று அத்தை கேட்டாள்.

"வேண்டாம். பேரை மட்டும் படிங்க."

அத்தை ஒரு நோட்டில் பெயர்களை எழுதி ஒவ்வொன்றாகப் படித்தாள். அம்மா ஒவ்வொருவரையும் கூப்பிட்டாள். முதல் பத்துப் பேரிடம் அந்த இடம் வந்ததும் போனை வைத்துவிட்டு மறுபடி கூப்பிட்டாள். இருபதுக்கு மேல் கொஞ்சம் வந்தது. காஸ் கடை, பள்ளி பஸ் டிரைவர், பல் டாக்டர், யார் என்றே தெரியாத "பழைய பேட்டரி". அந்தப் பள்ளிக்கூடச் சிநேகிதரும் வந்தார். "அன்னிக்குக் குளிச்சிட்டிருக்காருன்னு சொன்னீங்களேம்மா" என்று கேட்டார். "பொய் சொல்லிட்டேங்க, மன்னிச்சுக்கோங்க" என்றாள் அம்மா. அந்தப் பக்கம் அவர் அழுததைப் பெரியவளால் கூடத்திலிருந்தே கேட்க முடிந்தது.

வியாழக்கிழமை பெரியவளும் பள்ளிக்குப் போகவில்லை. அவளும் சில பெயர்களைப் படித்தாள். சாயங்காலத்துக்குள் முந்நூறைத் தாண்டினார்கள். அம்மாவின் குரல் கம்மிப்போய், கடைசியில் அந்த வாக்கியம் வெறும் காற்றாக வந்தது. அவர் தவறிட்டாருங்க, போன வருஷமே. அத்தை தண்ணீரை நீட்டுவாள், அம்மா வாங்கிக் குடிப்பாள்.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு எல்லாப் பெயரும் முடிந்துவிட்டது. அரை மணி நேரம் மிச்சம். அம்மா போனை மேசையில் வைத்தாள். அம்மா, அத்தை, பெரியவள் மூன்று பேரும் அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது, இனி யார் கூப்பிடுவார்கள். பன்னிரண்டைத் தாண்டி ஒரு நிமிடம் ஆனதும் மூலையில் இருந்த சிக்னல் கோடுகள் நான்கும் மறைந்தன. அம்மா சிம்மைக் கழற்றி, நிர்வாகப் பிரிவின் கடிதங்கள் மூன்றையும் அலமாரியிலிருந்து எடுத்து, ஓர் உறைக்குள் போட்டு அத்தையிடம் கொடுத்தாள்.

"குடுத்திடுங்க" என்றாள். "கையெழுத்து வாங்கிக்கோங்க, குடுத்ததுக்கு."

அதற்குப் பிறகு ஒரு வருடம் ஆகிவிட்டது. அத்தைக்குப் புதிய சேவை எதுவும் ஆறு மாதம் கொடுக்கவில்லை. பழையதைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள், பார்த்துக்கொண்டாள். மருத்துவமனைச் சேவை இப்போதும் ஓடுகிறது, அதன் கடைசி வரியில் அவள் நம்பர். கோப்பில் இருக்கும் நம்பர் இப்போது வேலையில் இருப்பவருடையதா என்று மேஸ்திரியே கேட்டுப் பார்த்த பிறகுதான் எந்தச் சேவையையும் ஏற்கும். அதை அவளே உட்கார்ந்து எழுதிச் சேர்த்தாள், யாரும் சொல்லாமல். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வருகிறாள். அம்மா "வாங்க, உட்காருங்க" என்கிறாள். தேநீர் கொடுக்கிறாள். அத்தை குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போகிறாள். அம்மாவுக்குக் கோபம் போய்விட்டதா என்று பெரியவள் ஒருமுறை கேட்டாள். "கோபமெல்லாம் என்னிக்கோ போச்சு" என்றாள் அம்மா. "அவ இல்லேன்னா இன்னும் நான் எல்லார்கிட்டயும் பொய்தான் சொல்லிட்டிருப்பேன். ஆனா அவ முகத்தைப் பாத்தா அந்த வெள்ளிக்கிழமைதான் ஞாபகம் வருது. நான் என்ன பண்ணட்டும்."

இதைப் படிப்பவர்களில் யாருக்காவது, ஒருவர் எழுதியதைப் பிரதி எடுத்து இன்னொன்றைச் செய்கிற வேலையில் இருக்கும் அக்காவோ அண்ணனோ சிநேகிதரோ இருக்கலாம். நான்காம் மாடிகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. தயவுசெய்து அவர்களிடம் இதைச் சொல்லுங்கள். அத்தையைக் குறை சொல்வதற்காக அல்ல. அந்தக் கடைசி வரி வரும்போது அழுகை வந்தால் அழுதுகொள்ளலாம், ஆனால் நாற்காலியை விட்டு எழுவதற்கு முன் நம்பரை மாற்றிவிட வேண்டும் என்று ஒருவருக்காவது தோன்றட்டும். அவர்கள் இன்னொருவரிடம் சொல்லட்டும்.